வோஸ்கோத் 2, ஜெமினி 8, அப்போலோ 13: உயிர் பிழைக்க எதைச் செலவழித்தார்கள்?

கேள்வி: அப்போலோ 13 பற்றி எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே விண்வெளியில் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர்கள் உண்டா? அவர்கள் பிழைத்தது துணிச்சலாலா, அதிர்ஷ்டத்தாலா?

பதில்: உண்டு, பலர் உண்டு. துணிச்சல் அவர்கள் எல்லோரிடமும் இருந்தது. திரும்பி வராதவர்களிடமும் அதே அளவு இருந்தது. அதனால் பிழைத்ததற்குக் காரணம் துணிச்சல் என்று சொல்லிவிட முடியாது. சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பின்னால் வரப்போகும் வேறொரு வேலைக்காக ஒதுக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றை முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துத்தான் அவர்கள் வீடு திரும்பினார்கள். சிலருக்கு அது உடையின் அழுத்தம், சிலருக்கு எரிபொருள், சிலருக்குத் தண்ணீர். எடுப்பதற்கு எதுவுமே மிச்சம் இல்லாத கலத்தில் போனவர்கள் இறந்துபோனார்கள்.

முதலில் சோவியத் யூனியனின் வோஸ்கோத் 2. 1965 மார்ச் 18 அன்று பாவெல் பெல்யாயெவ், அலெக்சி லியோனவ் இருவரும் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பினார்கள். மனிதன் முதன்முதலாகக் கலத்தைவிட்டு வெளியே வந்தது இந்தப் பயணத்தில்தான். லியோனவ் வெளியில் இருந்தது 12 நிமிடம் 9 வினாடி. கஷ்டம் ஆரம்பித்தது உள்ளே திரும்பும்போது.

வோஸ்கோத் கலத்தின் மின்னணுச் சாதனங்கள் அறைக்குள் இருக்கும் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. அறைக் காற்றை வெளியேற்றினால் சாதனங்கள் சூடேறிக் கெட்டுவிடும். அமெரிக்க ஜெமினியில் செய்ததுபோல அறையையே வெற்றிடமாக்கிக் கதவைத் திறக்க வழியில்லை. எனவே கலத்தின் பக்கவாட்டில் 'வோல்கா' என்ற ஏர்லாக்கை, அதாவது உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கதவு வைத்த இடைவழி அறையை, பொருத்தினார்கள். ரப்பர் பூசிய துணியால் ஆனது. சுற்றுப்பாதைக்குப் போனதும் காற்றடைத்து நீட்டிக்கொள்ளும். நீட்டியபின் நீளம் சுமார் 2.5 மீட்டர், உள்விட்டம் சுமார் 1 மீட்டர். உடை போட்ட ஒருவர் கால் முன்னால், தலை பின்னால் என்று நுழைந்தால் அதற்குள் சரியாக அடங்கலாம். அப்படி நுழைவதுதான் விதி. கால் உள்ளே போய்விட்டால் தலைக்கு மேலிருக்கும் வெளிக்கதவு மூடியதா என்று பார்க்க முடியும்.

லியோனவின் உடையில் அழுத்தம் 0.4 வளிமண்டலம். கேட்பதற்குச் சின்ன எண். கணக்குப் போட்டால், உள்ளங்கை அளவுள்ள 100 சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது சுமார் 40 கிலோ எடை உள்ளிருந்து தள்ளுவதற்குச் சமம். தரையில் பயிற்சி எடுக்கும்போது வெளியே முழு வெற்றிடத்தில் உடை எப்படி உப்பும் என்று முழுமையாகத் தெரியவில்லை. காற்று முழுக்க அடித்த சைக்கிள் டியூபை மடக்கிப் பார்த்தவர்களுக்கு அவர் நிலைமை புரியும். உடை விறைத்து நீண்டுவிட்டது. கையுறை நுனியிலிருந்து விரல்கள் பின்வாங்கின, காலணிக்குள்ளிருந்து பாதங்கள் நழுவின. இணைப்புக் கயிற்றைச் சுருட்டிப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை. இந்த நிலையில் கால் முன்னால் நுழைவது நடக்காத காரியம்.

உடையில் இன்னொரு அழுத்த நிலை இருந்தது: 0.27 வளிமண்டலம். அவசரத்துக்கு என்று வைத்திருந்த நிலை. வால்வைத் திருகி அதற்கு இறக்கினால் உடை தளரும். ஆபத்து மூச்சில் இல்லை. உடைக்குள் இருந்தது சுத்த ஆக்சிஜன், 0.27 வளிமண்டலச் சுத்த ஆக்சிஜன் என்பது தரைமட்டக் காற்றில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனைவிடக் கூடுதல்தான். ஆபத்து ரத்தத்தில் இருந்தது. அழுத்தம் திடீரென்று குறைந்தால் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக வெளிவரும். ஆழ்கடலிலிருந்து வேகமாக மேலேறும் முக்குளிப்பவர்களுக்கு வரும் அதே நோய். மூட்டு வலியில் தொடங்கி உயிரையும் பறிக்கும். லியோனவ் ஏற்கெனவே நெடுநேரம் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்திருந்ததால், நைட்ரஜனின் பெரும்பகுதி உடலைவிட்டுப் போயிருக்கும் என்று கணித்தார். தரைக்குச் சொல்லாமல் அழுத்தத்தை இறக்கினார். சொல்லியிருந்தால் அங்கே விவாதம் தொடங்கியிருக்கும், அதற்கு நேரமில்லை என்று பிற்பாடு விளக்கினார்.

உடை தளர்ந்தும் தலை முன்னாலதான் நுழைய முடிந்தது. அதனால் கதவு இப்போது கால் பக்கம். ஒரு மீட்டர் அகலக் குழாய்க்குள், உப்பிய உடையோடு உடம்பை மடித்துத் தலைகீழாகத் திரும்பி, கதவை மூட வேண்டியிருந்தது. முழுப் பயணத்திலும் அவர் உடல் அதிகம் வருந்தியது இந்த இடத்தில்தான். உடையின் குளிரூட்டல் அந்த உழைப்புக்குப் போதவில்லை. வியர்வை வழிந்து உடைக்குள் தேங்கியது.

ஏர்லாக்கைக் கழற்றி எறிந்தபின் அடுத்த பிரச்சினை. உட்கதவு முழுதாக அடைபடாமல் மிக நுண்ணிய கசிவு. அதை ஈடுகட்டத் தானியங்கி அமைப்பு ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருந்தது. அறையில் ஆக்சிஜன் அளவு ஏறியது. ஒரு பொறி போதும், எல்லாம் எரியும். இது இருவருக்கும் வெறும் பாடமாகத் தெரிந்த விஷயமில்லை. அவர்களோடு ஒரே அணியில் தேர்வான வாலன்டின் பொண்டரென்கோ, ஆக்சிஜன் செறிந்த பயிற்சி அறையில் தீப்பிடித்து 1961 மார்ச் 23 அன்று இறந்திருந்தார். அறையின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறைத்துவிட்டு, அளவு இறங்கும்வரை மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

பிறகு இறங்கும் நேரம். 17ஆவது சுற்றில் கலத்தின் வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கும் தடுப்பு ராக்கெட் தானியங்கி முறையில் இயங்க வேண்டும். கலத்தைச் சரியான திசைக்குத் திருப்பும் அமைப்பு வேலை செய்யவில்லை, ராக்கெட்டும் இயங்கவில்லை. கையால் செய்ய அனுமதி வந்தது. அதுவரை யாரும் வோஸ்கோத்தைக் கையால் இறக்கியதில்லை. இங்கே கலத்தின் வடிவமைப்புக் குறை ஒன்று குறுக்கே வந்தது. ஒருவர் உட்காரும் வோஸ்தோக் கலத்தைத்தான் அவசர அவசரமாக இருவருக்கும் மூவருக்கும் மாற்றி வோஸ்கோத் ஆக்கியிருந்தார்கள். இடம் பற்றாமல் இருக்கைகளை 90 டிகிரி திருப்பினார்கள். கருவிகளை மட்டும் பழைய இடத்திலேயே விட்டார்கள். பூமியின் விளிம்பைப் பார்த்துத் திசை பிடிக்க உதவும் 'வ்சோர்' என்ற பார்வைக் கருவி, இருக்கையில் இருப்பவருக்குப் பக்கவாட்டில் இருந்தது. பெல்யாயெவ் இரண்டு இருக்கைகளுக்கும் குறுக்கே படுத்து அதன் வழியாகப் பார்த்தார்; அவர் மிதந்துவிடாமல் லியோனவ் பிடித்துக்கொண்டார்.

திசை பிடித்ததும் உடனே ராக்கெட்டை இயக்க முடியாது. இருவரும் இருக்கைக்குத் திரும்பினால்தான் கலத்தின் எடைமையம் சரியான இடத்தில் இருக்கும். இல்லையென்றால் ராக்கெட் உந்தும்போது கலம் சுழலும். திரும்பி உட்கார்ந்ததில் 46 வினாடி தாமதம். சுற்றுப்பாதையில் வேகம் வினாடிக்குச் சுமார் 7.8 கி.மீ. பெருக்கினால் கிட்டத்தட்ட 360 கி.மீ. கலம் குறித்த இடத்திலிருந்து 386 கி.மீ. தள்ளி, பெர்ம் பகுதியின் தைகா காட்டில் ஆழமான பனியில் விழுந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் தரையில் எவ்வளவு தூரமாக மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கதவை விடுவிக்கும் வெடிபோல்ட் வெடித்தும் அது பாதிதான் திறந்தது. ஒரு பிர்ச் மரம் தடுத்தது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எறிந்தார்கள். முதல் வேலை உலர்வது. உடைக்குள் தேங்கிய வியர்வை உறைந்தால் உறைபனிக் காயம் நிச்சயம். எல்லாவற்றையும் கழற்றி, உள்ளாடைகளைப் பிழிந்து, உடையின் விறைப்பான அடுக்கைப் பிரித்துத் தள்ளிவிட்டு மென்மையான உள்ளடுக்கை மட்டும் திரும்ப அணிந்தார்கள். ஹெலிகாப்டர் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் நெருங்கிய மரங்களுக்கு நடுவே இறங்க இடமில்லை. மேலிருந்து போட்ட துணிகளில் பல மரக்கிளைகளில் மாட்டிக்கொண்டன. முதல் இரவு கலத்துக்குள்ளேயே கழிந்தது. மறுநாள் மீட்புக் குழு பனிச்சறுக்கில் வந்து சேர்ந்து, மரம் வெட்டிக் குடில் கட்டியது. மூன்றாம் நாள் சுமார் 9 கி.மீ. பனிச்சறுக்கிப் போய்த்தான் ஹெலிகாப்டரில் ஏறினார்கள். ஓநாயும் கரடியும் திரியும் அந்தக் காட்டில் கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி மட்டும். வீரர்களின் அவசரப் பெட்டிக்கு நல்ல ஆயுதம் வேண்டும் என்று லியோனவ் விடாமல் கேட்டதன் விளைவுதான், 1986 முதல் சோவியத் சோயுஸ் கலங்களில் போன மூன்று குழல் துப்பாக்கியான டிபி-82.

ஓராண்டு கழித்து ஜெமினி 8. 1966 மார்ச் 16, நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும். ஆளில்லாத அஜீனா கலத்தோடு இணைந்தார்கள்; விண்வெளியில் இரண்டு கலங்கள் இணைந்தது அதுவே முதல்முறை. இணைந்து 27 நிமிடத்தில் ஜோடி தானாகச் சுழலத் தொடங்கியது. ஆர்ம்ஸ்ட்ராங் சரிசெய்தார், மறுபடி சுழன்றது. அஜீனாவில் கோளாறு வரலாம் என்று தரையிலிருந்து முன்பே எச்சரித்திருந்ததால் சந்தேகம் அதன் மேல் விழுந்தது. அஜீனாவின் திசைக் கட்டுப்பாட்டை அணைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. தரை நிலையங்களோடு தொடர்பில்லாத பகுதியில் அப்போது கலம் இருந்தது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஆர்ம்ஸ்ட்ராங் கவனித்த ஒரு தகவல்: ஜெமினியின் திசைமாற்று எரிபொருள் 30 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அப்படியானால் கோளாறு தங்கள் கலத்திலேயே இருக்கலாம். பிரிந்துவிட முடிவெடுத்தார்கள். பிரியும் முன் ஸ்காட் ஒரு வேலை செய்தார், அதிகம் பேசப்படாத வேலை: அஜீனாவின் கட்டுப்பாட்டைத் தரை நிலையத்துக்கு மாற்றும் சுவிட்சைப் போட்டார். அதைச் செய்யாமல் பிரிந்திருந்தால் அஜீனாவைத் தரையிலிருந்து இயக்கவோ ஆராயவோ முடிந்திருக்காது. தலை சுற்றும் நிலையில் இருந்த ஒருவரின் நினைவில் அது வந்தது என்பதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன்.

பிரிந்ததும் சுழற்சி குறையவில்லை, எகிறியது. காரணம் எளிது. அஜீனாவின் கனம் சேர்ந்திருந்தவரை அதே உந்துவிசை மெதுவாகத்தான் சுழற்ற முடிந்தது. கனம் போனதும் தனியான ஜெமினி வேகமெடுத்தது. வினாடிக்கு 296 டிகிரி, அதாவது முக்கால் சுற்றுக்கும் மேல். பார்வை மங்கத் தொடங்கியது. கருவிப் பலகையைப் படிக்க முடியாமல் போனால் முடிந்தது கதை.

ஜெமினியின் மூக்கில் இன்னொரு தனி அமைப்பு உண்டு: வளிமண்டலத்துக்குள் நுழையும்போது மட்டும் பயன்படும் கட்டுப்பாட்டு அமைப்பு. இரண்டு வளையங்கள், வளையத்துக்கு 8 சின்ன உந்துபொறிகள், தனித் தொட்டிகள். ஆர்ம்ஸ்ட்ராங் முக்கிய அமைப்பு முழுவதையும் அணைத்துவிட்டு இதைத் திறந்து சுழற்சியை நிறுத்தினார். அதற்கே இதன் எரிபொருளில் முக்கால் பங்கு போய்விட்டது. பிறகு முக்கிய அமைப்பின் உந்துபொறிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில், 8ஆம் எண் உந்துபொறி திறந்தபடியே மாட்டிக்கொண்டது தெரிந்தது. மின்சுற்றில் ஏற்பட்ட குறுக்கிணைப்பு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அணைத்த பிறகும் அந்த உந்துபொறிக்கு மின்சாரம் போகும்படி சுற்று அமைந்திருந்தது; பின்னால் வந்த ஜெமினிகளில் ஒவ்வொரு உந்துபொறிக்கும் தனித்த மின்சுற்று கொடுத்து அதை மாற்றினார்கள்.

நுழைவு அமைப்பைத் தொட்டால் பயணம் முடிந்தது, உடனே இறங்க வேண்டும் என்பது விதி. ஸ்காட் செய்யவிருந்த விண்நடை ரத்தானது. 10 மணி 41 நிமிடத்தில் பசிபிக்கில், ஒகினாவாவுக்குக் கிழக்கே சுமார் 800 கி.மீ. தொலைவில் இறங்கினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் அவசரப்பட்டார் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. 296 டிகிரியில் சுழலும் கலத்துக்குள் வேறென்ன செய்திருக்கலாம் என்று அவர்களிடம் நல்ல பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

எடுக்க எதுவுமே இல்லாமலும் ஒருவர் பிழைத்திருக்கிறார். அதையும் சொல்லிவிட வேண்டும். 1969 ஜனவரி 18, சோயுஸ் 5, போரிஸ் வொலீனவ் தனி ஆளாகத் திரும்பிக்கொண்டிருந்தார். சேவைப் பகுதி கழன்றுவிழவில்லை. அதனால் கலம் வெப்பக் கவசம் முன்னால் வராமல் மூக்கு முன்னாலாக வளிமண்டலத்துக்குள் நுழைந்தது. கதவின் அடைப்பு வளையங்கள் கருகி அறைக்குள் புகை வந்தது. விண்வெளி உடையும் இல்லை. கடைசியில் வெப்பமே இணைப்புகளை அறுத்தது. எடைமையம் அடிப்பக்கம் இருக்கும்படி செய்திருந்ததால் கலம் தானாகப் புரண்டு கவசத்தைக் காட்டியது. தரையில் மோதியதில் வொலீனவின் பற்கள் உடைந்தன. அவர் பிழைத்தது கலத்தின் எடையை எங்கே வைப்பது என்று வரைபலகையில் யாரோ சரியாக முடிவு செய்ததால்.

அப்போலோ 13 தெரியும் என்கிறீர்கள், எனவே வழக்கமாக விடுபடும் கணக்கை மட்டும் சொல்கிறேன். 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபின் மூவரும் நிலவில் இறங்கவிருந்த 'அக்குவாரியஸ்' கலத்துக்கு மாறினார்கள். அது இருவருக்கு இரண்டு நாள் என்று செய்யப்பட்டது. மூவரை ஏறக்குறைய நான்கு நாள் காக்க வேண்டும். நிலவில் இறங்க வைத்திருந்த எஞ்சினைத்தான் வீடு திரும்பும் பாதைக்குப் பயன்படுத்தினார்கள். அதில் பெரிய உந்தல் 4 நிமிடம் 23 வினாடி. ஆக்சிஜன் தாராளமாக இருந்தது. பலர் நினைப்பதற்கு மாறாக, மிக இறுக்கமாக இருந்தது தண்ணீர். அக்குவாரியஸின் மின்னணுச் சாதனங்கள் தண்ணீரைப் பனியாக்கி வெற்றிடத்தில் ஆவியாக விட்டுத்தான் குளிர்ந்தன. ஒவ்வொரு ஆம்பியரும் தண்ணீரைக் குடித்தது. இருந்தது சுமார் 153 கிலோ. மின்நுகர்வை 12 ஆம்பியர் அளவுக்கு இறக்கினார்கள். குடிநீரை ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் என்று குறைத்தார்கள். ஃபிரெட் ஹெய்ஸுக்குச் சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்து காய்ச்சல் அடித்தது. வந்துசேர்ந்தபோது மிச்சம் சுமார் 13 கிலோ தண்ணீர்.

கார்பன் டை ஆக்சைடு கதையில் பலர் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பா தாய்க்கலத்தில் சதுரம், அக்குவாரியஸின் துளை வட்டம் என்பது தெரிந்ததுதான். வீரர்கள் சதுர டப்பாவைத் துளைக்குள் திணிக்கவில்லை. டப்பாவின் ஒரு முகத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடி, விண்வெளி உடையின் குழாயைப் பைக்குள் நுழைத்து, சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டினார்கள். உடைக் குழாயின் மறுமுனையில் மின்விசிறி இழுக்கும்போது பை உறிஞ்சப்பட்டு டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும், காற்று ஓடாது. அதைத் தடுக்க, பயணத் திட்டக் கையேட்டின் கெட்டி அட்டையை வெட்டி வளைவாக உள்ளே நிறுத்தினார்கள். அந்த அட்டை வளைவு இல்லையென்றால் மொத்த வேலையும் வீண். 13 மி.மீ. பாதரச அளவுவரை ஏறியிருந்த வாயு, இதைப் போட்டதும் மளமளவென்று இறங்கியது.

கடைசியாக, கையிருப்பே இல்லாத கலம். சோயுஸ் 11, 1971 ஜூன் 30. கியோர்கி தோப்ரவோல்ஸ்கி, விளாதிஸ்லாவ் வோல்கவ், விக்தர் பத்சாயெவ். கலத்தின் பகுதிகள் பிரியும் நேரத்தில் வெடிபோல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதற்குப் பதில் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த அதிர்ச்சியில், தரைக்கு அருகே வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கான வால்வு 168 கி.மீ. உயரத்திலேயே திறந்துகொண்டது. சீறும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க அவர்கள் வானொலியை அணைத்தார்கள். வால்வு இருக்கைக்குக் கீழே இருந்தது. கையால் மூட ஆகும் நேரம், சுயநினைவு நிலைக்கும் நேரத்தைவிட அதிகம். மீட்புக் குழு பார்த்தபோது அது பாதி மூடியிருந்தது. மூன்று பேரை உட்கார வைப்பதற்காக விண்வெளி உடைகளை விட்டுவிட்டுப் போன கலம் அது. ஆளுக்கு ஓர் உடை இருந்திருந்தால் இந்த வால்வு ஒரு சாதாரணக் கோளாறாகப் பதிவாகியிருக்கும்.

அதன்பின் சோயுஸில் ஓர் இருக்கையை எடுத்துவிட்டு, இருவருக்கு மட்டும் 'சோக்கல்' அழுத்த உடைகளோடு 1973 செப்டம்பரில் சோயுஸ் 12 போனது. மறுபடி மூவர், இம்முறை உடையணிந்து, ஒன்றாகப் போக 1980 நவம்பரில் வந்த சோயுஸ் டி-3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இன் மூன்று இருக்கைகளில் ஒன்றில் ராகேஷ் சர்மா போனபோது, மூவருமே சோக்கல் அணிந்திருந்தார்கள். அவரோடு போன கென்னாதி ஸ்த்ரெக்காலவ், அதற்கு ஆறு மாதம் முன்பு 1983 செப்டம்பர் 26 அன்று ஏவுதளத்திலேயே ராக்கெட் எரிந்தபோது அவசர உந்துகோபுரத்தால் இழுத்து வீசப்பட்டு உயிர் பிழைத்திருந்தவர்.